வாடகைக் காருக்கு ஒரு கிட்டார்

ஈப்போ ஸ்டேஷனில் என் பெட்டியை வாங்கிக்கொண்டதும் மகன் ஆசீர், "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டான். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத நான், "எங்கலே ஆற, எரியுது" என்றேன். அவன் சிரித்தான். அந்த மலாய் நாட்டில் காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கே பசியாறுவது என்று பேராம். அங்கே பிடித்த குழப்பம் திரும்பக் கப்பல் ஏறும்வரை என்னை விடவில்லை. ஆகவே நான் சொல்லுகிற திசையையும் தூரத்தையும் யாரும் நம்ப வேண்டாம். நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல, மருமகள் ஞானத்தை அவள் புருஷனோடு சேர்த்துவைக்க. ஆசீர் ஈப்போவில் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஞானம் அந்த நாட்டிலேயே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் நாலைந்து வரிதான் இருந்தது. "அத்தை, பொழுது சாய்ந்தால் உங்கள் பிள்ளை கள்ளுக்கடையில் இருக்கிறார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாது. ஆயர் தாவார் தோட்டத்துக்கு அப்பாவிடம் வந்துவிட்டேன். நீங்கள் வந்து ஒரு முடிவு சொல்ல வேண்டும்."

முடிவு சொல்ல நான் யார்? மீன்காரனிடம் விலை கேட்கக்கூட வாய் வராமல் பக்கத்து வீட்டு மரகதத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவள். நாலாம் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டபோது பதில் தெரிந்தும் எழுந்து நிற்க வெட்கப்பட்டு, அத்தோடு பள்ளிக்கூடம் போவதையே விட்டவள். அப்படிப்பட்டவளைத்தான் அந்தக் கடிதம் கடல் தாண்ட வைத்தது.

ஆசீர் என்னை ஒரு சீனர் கடையில் உட்காரவைத்து, சுட்ட ரொட்டியும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தான். ரொட்டியின் நடுவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய பாகு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதற்குள் அவன் நான் கேட்காமலே ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, ஞானம் எழுதுனது எல்லாம் உண்மைதான். ஆனா நான் ருசிக்குப் போகல. வண்டிக்காரனுக்கு ஓட்டுறது வேலையில்ல, காத்துக்கிட்டு இருக்குறதுதான் வேலை. சீன மொதலாளி தவுக்கே, ஈயம் தோண்டுற லம்பத்துக்குள்ள போனா மூணு மணி நேரம் ஆவும். ஸ்டாண்டுல நின்னா ஆறு மணி நேரம். பக்கத்துலயே கள்ளுக்கடை. என்ன செய்யச் சொல்ற லா?"

"அதென்னலே லா?"

"அது அப்படித்தான் லா."

பிறகு ஒரு மணிலாக்காரரைப் பற்றிச் சொன்னான். படக்கொட்டகையில் வாத்தியம் வாசிக்கிறவர். இவன் காரில்தான் வந்து போவார். கிட்டார் என்று ஒரு வாத்தியத்தை இவனிடம் கொடுத்து, ஓய்ந்த நேரத்தில் நாலு பாட்டுக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் இருந்த மூன்று மாதமும் இவன் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பவில்லையாம். அவர் சிங்கப்பூருக்குப் போனார். கிட்டாரும் அவரோடு போய்விட்டது.

"வண்டியிலயே ஒண்ணு கெடந்தா போதும்மா. கையில எடுத்தா நேரம் போறதே தெரியாது. பன்னெண்டு வெள்ளிக்குள்ள ஒண்ணு பாத்து வாங்கிக்கிட்டு, அதோடயே போயி ஞானத்தக் கூப்பிடுவோம்."

வெள்ளி என்பது அந்த ஊர் ரூபாய். பிள்ளைத்தாய்ச்சியை அழைக்கப் பூவும் சேலையும் வாங்கிப் போவார்கள். வாத்தியம் வாங்கிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சரி என்பதா, செருப்பால் அடிப்பதா என்று தெரியாமல் கோப்பியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் காலையில் ஆசீர் ஒரு பிரம்பை எடுத்து வந்தான். காரின் முன் சீட்டுக்கும் பின்னால் ஏறுகிறவர்களின் காலுக்கும் நடுவே குறுக்காக ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை அளந்து, சரியான நீளத்துக்குப் பிரம்பை வெட்டிக்கொண்டான். இதைத் தாண்டினால் கிட்டார் உள்ளே படுக்காது. ஆக, நாங்கள் கடை கடையாகப் போனபோது அவன் கையில் பிரம்பு. பின்னால் முக்காடு போட்ட நான். எதிரே வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஓடிய பிள்ளையைத் தேடிப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஈப்போ நம் ஊர் மாதிரி இல்லை. தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கல்மலை சுவர் போல நிற்கிறது. அதன்மேல் மரம் எப்படி வேர் பிடித்தது என்று தெரியவில்லை. நம் பக்கத்தில் செம்மண் தேரியில் பனை நிற்பதைப் பார்த்து அதிசயப்பட்ட வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்களோ. தெருவில் ரிக்ஷா, மாட்டுவண்டி, மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் போகின்றன. எது எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதை ஓட்டுகிறவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

முதல் கடை கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் விற்கிற சீனர் கடை. சுவர் நிறையக் கிட்டார்கள் தொங்கின. எனக்கு எல்லாம் இடுப்பு வைத்த சுரைக்காயாகத்தான் தெரிந்தன. கடைக்காரர் மலாய் மொழியில் பேச, ஆசீர் அதை எனக்குத் தமிழில் சொன்னான்.

"சிப்பி பதிச்சது இருக்காம். முப்பது வெள்ளி."

கடைக்காரர் அதை எடுத்து ஒரே ஒரு முறை விரலால் வருடினார். வயிற்றுக்குள் வெந்நீர் ஊற்றினாற்போல ஒரு சத்தம். எனக்கு அதையே வாங்கிவிடலாம் என்று ஆசை வந்தது. ஆசீர் பிரம்பை வைத்து அளந்தான். ஒரு சாண் நீளம் அதிகம்.

"வண்டிக்குப் பெருசா இருக்குன்னேன். அப்ப பெரிய வண்டியா வாங்கிக்கன்னு சொல்றாரு."

கடைக்காரர் தம் தங்கப்பல் தெரியச் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது ஓர் அடகுக்கடை. கவுண்டர் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. மேலிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்துப் பிரம்பைக் கண்டதும் உள்ளே போய்விட்டது. ஆசீர் சமாதானம் சொன்ன பிறகே திரும்பி வந்தது. மீட்காமல் விட்ட சாமான்களில் கைக்குழந்தை அளவில் ஒன்று கிடைத்தது. நாலே கம்பி, விலையும் நாலே வெள்ளி.

"ஏலே, இத வாங்கேன். அடக்கமா இருக்கு. அறுந்து போறதுக்கும் ரெண்டு கம்பி கொறச்சலு."

"இது கிட்டாரு இல்லம்மா. அதோட பிள்ள மாதிரி. உக்குலேலேன்னு பேரு."

"பிள்ளன்னா போகப் போக வளருமா?"

அவன் பதில் சொல்லாமல் வாசித்துக் காட்டினான். அவனுடைய நாலு விரலும் ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஸ்டீரிங் பிடித்து ஸ்பானர் பிடித்துப் பருத்த விரல்கள். அந்தச் சின்னக் கழுத்தில் அவை வாழைத்தாரை நூலில் கட்டினாற்போல இருந்தன. வைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு பார்த்த இரண்டு கடைகளில் ஒன்றில் கழுத்து வளைந்திருந்தது என்றான். இன்னொன்றில் கழுத்து நேராக இருந்தது, ஆனால் சத்தம் வளைந்திருக்கிறது என்றான். எனக்கு இரண்டும் நேராகத்தான் இருந்தன. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, இவன் கள் குடிக்காமல் இருக்கச் சாக்குத் தேடுகிறானா, இல்லை குடிக்கத்தான் சாக்குத் தேடுகிறானா என்று யோசித்தேன். யோசித்ததில் ரசம் இலையைத் தாண்டி ஓடிவிட்டது.

மூன்றாம் நாள் அவனுக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் அவன் காரில் மாதா கோயிலுக்குப் போகிற சட்டைக்கார அம்மா ஒருவர், கவுன் போட்ட அரை வெள்ளைக்காரர், தம்மிடம் சின்ன வயதில் வாசித்த கிட்டார் ஒன்று கிடப்பதாக எப்போதோ சொல்லியிருந்தாராம். அவர் வீட்டுக்குப் போனோம். பிரம்பு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். நான் நுனியில் உட்கார்ந்தேன். வெண்ணெய் போட்ட கேக்கும் டீயும் வந்தன. கேக்கை எந்தக் கையால் எடுப்பது, தட்டை மடியில் வைப்பதா மேசையில் வைப்பதா என்று விளங்கவில்லை. எனவே பசியில்லை என்று தலையாட்டினேன். அவர் அதைக் காகிதத்தில் மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கிட்டார் பெண்களுக்கென்று செய்த சின்ன அளவு. இடை ஒடுங்கி, வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. ஆசீர் அளந்தான். பிரம்பும் அதுவும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. அந்த அம்மா ஒரு மின்கைவிளக்கை அதன் வாய்க்குள் விட்டு எங்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே கோழிக்கூடு மாதிரிச் சுத்தமான மரச்சட்டங்கள். ஒரு கீறல் இல்லை. ஒட்டின இடத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. நானே என் கண்ணால் பார்த்தேன். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

அவர் இங்கிலீஷில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "ஒனக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்குறாங்கம்மா" என்றான் ஆசீர். கையில் வாங்கிப் பார்த்தேன். முறத்தைவிடக் கனம் குறைவு. "கனமில்ல" என்றேன். அதை அவன் என்னவென்று மொழிபெயர்த்தானோ, அந்த அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டார். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பதினோரு வெள்ளிக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆசீர் கார் ஸ்டாண்டில் தன் வண்டியின் மிதிபலகையில் உட்கார்ந்து வாசித்தான். பின் சீட்டில் நான். வெயிலில் நின்ற தோல் சீட்டு சேலையைத் தாண்டிச் சுட்டது. அவன் கூட்டாளிகள் கள்ளுக்கடைக்குப் போகிற வழியில் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"என்ன மச்சான், படக்கொட்டகையில வேல கெடச்சிருச்சா?"

"வா லா ஆசீரு. ஒரு கிளாஸ் போட்டுட்டு வந்து வாசிச்சா இன்னும் நல்லா வரும்."

"டேய், அவங்க அம்மா உள்ள இருக்காங்கடா."

"ஐயோ, வணக்கம்மா. பசியாறிட்டீங்களா?"

ஆசீர் தலை நிமிரவில்லை. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வாசித்தது நன்றாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் போகவில்லை, அதுதான் தெரியும். ஆனால் நான் உள்ளே உட்கார்ந்திருந்ததால் போகவில்லையா, கையில் வாத்தியம் இருந்ததால் போகவில்லையா? இதை யாரிடம் கேட்பது?

நாலாம் நாள் ஆயர் தாவாருக்குப் புறப்பட்டோம். ஞானத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்தும் அதிரசமும் ஒரு பிரப்பங்கூடையில் என் பக்கத்தில். கிட்டார் அளந்து வைத்த இடத்தில், துணிப்பைக்குள். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். அங்கே அதைக் கித்தா மரம் என்கிறார்கள். வகிடு எடுத்தாற்போல நேர் வரிசை வரிசையாக நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனால் தலை சுற்றுகிறது.

பேராக் ஆற்றங்கரையில் சடக்கு நின்றுவிட்டது. சடக்கு என்றால் ரோடு. பாலம் இல்லை. காரை ஒரு மிதவையில் ஏற்றி அக்கரைக்கு இழுத்தார்கள். காரோடு ஆற்றில் மிதப்பது என்ன நியாயம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. நம் ஊர் மழை தூறி, யோசித்து, பிறகு பெய்யும். அங்கே அப்படியில்லை, குடத்தைக் கவிழ்க்கிறார்கள். கார்க் கூரை மெழுகுத்துணிதான். அதில் இரண்டு இடத்தில் கிழிசல். ஆசீர் மிதவைக்காரரோடு சேர்ந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தான். "அம்மா, அந்த மெழுகுத்துணியப் போட்டு மூடு!" என்று கத்தினான்.

ஒரு துண்டு மெழுகுத்துணிதான் இருந்தது. எதை மூட என்று அவன் சொல்லவில்லை. நான் பலகாரக் கூடையை மூடினேன். கடல் தாண்டிக் கொண்டுவந்த பலகாரம், பிள்ளைத்தாய்ச்சிக்கு. வேறு எதை மூடுவேன்? அக்கரை ஏறிய பிறகு ஆசீர் பையைத் திறந்தான். கிட்டாரின் வாய் வழியாக நாழித் தண்ணீர் கொட்டியது. என்னைப் பார்த்தான். பையைப் பிழிந்தான். 

தோட்டத்துக்குள் கார் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. வேலை முடிந்த ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்திருக்கிறார்கள். ஒருவர் காரைத் தட்டி, "என்ன டைவர் அண்ணே, கடை இங்கிட்டு இருக்கு, வண்டி அங்கிட்டுப் போவுது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆசீரின் காது சிவந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளை லயம் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு. நாலாவது வீட்டு வாசலில் ஞானத்தின் அப்பா மாசிலாமணி நின்றிருந்தார். என்னைக் கண்டு கும்பிட்டு, "வாங்க சம்மந்தி" என்றார். மருமகனைப் பார்க்கவே இல்லை. ஞானம் அங்கே வந்த நாளிலிருந்து அவனோடு பேச்சில்லை. ஆசீர் காரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஞானம் உள்ளே சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இருந்தாள். வயிறு என்னை முட்டும்படி வந்து கட்டிக்கொண்டாள். கூடையைக் கொடுத்தேன். ஒரு முந்திரிக்கொத்தை நின்றபடியே கடித்துத் தின்றாள்.

"கிட்டாரு வாங்கியிருக்கான்மா" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது?

"காலையில வந்த வண்டிக்காரங்க சொன்னாங்க அத்தே. கிட்டாரு புதுசு. ஆளு பழசுதான?"

 முடிவு சொல்ல வந்தவள் நான். முந்திரிக்கொத்து மாவு அவள் தாடையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

"நான் வரமாட்டேன் அத்தே. நாளைக்கி நீங்க மட்டும் போங்க. ஒங்க மேல எனக்குக் கோவமில்ல" என்றாள்.

வெளியே வந்தபோது ஆசீர் நனைந்த கிட்டாரைக் காரின் மூக்கில் சாய்த்து வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். மாசிலாமணி தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு, யாரைச் சொல்கிறார் என்று தெரியாதபடி மரத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"சம்மந்தி, அந்தச் சாமான என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. வெயிலு இனிமே வராது. நம்ம கூண்டுல தொங்கவிட்டா விடியறதுக்குள்ள காஞ்சிரும்."

கூண்டு என்பது புகைக்கூண்டு. ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தி, அந்தத் தகடுகளைக் கொடியில் துணி போல வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே கட்டை எரித்துப் புகையில் காயவைக்கும் பெரிய வீடு. மாசிலாமணிக்கு அங்கேதான் வேலை. அடைமழைக் காலத்தில் லயத்துச் சனங்கள் பிள்ளைகளின் துணி, நனைந்த செருப்பு, கருவாடு என்று எதையும் அவரிடம்தான் கொடுப்பார்கள். "தோட்டத்துத் தொரை பாத்தாருன்னா அந்த நிமிசமே வேலச் சீட்டக் கிழிச்சிருவாரு. நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தக் கூண்டில் காயாதது ஒன்றும் இல்லை என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. நானும் தலையாட்டினேன். ஆசீர் தயங்கினான். ஆனால் ஆறு வாரமாகப் பேசாத மாமனார், ஒரு சாமானையாவது நம்பிக் கேட்கிறார். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான்.

காலையில் பால் வெட்டுகிறவர்கள் தீம்பார் என்கிற ரப்பர்க் காட்டுக்குப் போய்விட்டார்கள். லயம் காலியாகக் கிடந்தது. மாசிலாமணி கூண்டுப் பக்கமிருந்து நடந்து வந்தார். நடை சரியில்லை. கிட்டாரைப் பிள்ளையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

காய்ந்துதான் இருந்தது. அந்த விஷயத்தில் குறையில்லை. வெல்லப்பாகு நிறம் போய்க் கருவாட்டு நிறம். முதுகுப் பலகை வாய் பிளந்து நின்றது. கம்பிகளைத் தாங்குகிற கட்டை பசை விட்டுக் கம்பியிலேயே ஊசலாடியது. உள்ளே கோழிக்கூடு போலிருந்த சட்டங்களில் இரண்டு கழன்று, அவர் நடக்க நடக்கக் கடகடவென்றன. எட்டடி தள்ளியே புகை நாற்றம் அடித்தது.

"மாப்ள..." என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.  கிட்டாரை நீட்டினார்.

ஆசீர் அதை வாங்கினான். புரட்டிப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அந்த முகம் தெரியும். அவனுடைய அப்பாவுக்கு இருந்த முகம். அது வந்தால் கையில் இருப்பது சுவரில் போய்ச் சிதறும்; யார் பெரியவர், யார் சின்னவர் என்று பார்க்காது. படுதாவை விலக்கிக்கொண்டு ஞானம் நிலைப்படியில் நின்றாள். அவளும் அதைத்தான் பார்த்தாள். மெழுகுத்துணியை நான் மாற்றிப் போட்டிருந்தால் இந்த நிமிஷமே வந்திராது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நாலாம் வகுப்பில் வராத சத்தம் அன்றும் வரவில்லை.

ஆசீர் மூக்கால் பெரிதாக மூச்சு விட்டான்.

"இது வாங்கும்போதே பொளந்துதான் மாமா இருந்திச்சு. உள்ள விரிசலு. நாந்தான் சரியாப் பாக்காம வாங்கிட்டேன்."

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கூண்டு மேல தப்பில்ல மாமா. நல்லாத்தான் காஞ்சிருக்கு. பொளந்தத எந்தக் கூண்டுல போட்டா என்ன?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "உள்ள வாங்க மாப்ள, பசியாறலாம்" என்றார்.

மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும். ஞானம்தான் பரிமாறினாள்.  மாசிலாமணி கிழங்கு கொஞ்சம் நார் நாராக இருக்கிறது, கிழங்கு கொஞ்சம் நார் நாராக இருக்கிறது என்று மூன்று முறை சொன்னார். நான் கை கழுவிவிட்டு வெளியே வந்து, நானும் மகனும் மட்டும் திரும்பிப் போவதற்காகக் காரில் ஏறி உட்கார்ந்தேன். ஆசீர் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிவிட்டு வந்து ஏறினான். அப்போது மறு பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு துணி மூட்டை உள்ளே வந்தது; அதற்குப் பின்னால் ஞானம், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உடைந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசீர் திரும்பிப் பார்த்தான். கிளப்பின இஞ்சின் அணைந்துபோனது. மறுபடியும் இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது.

பேராக் ஆற்றைத் திரும்பத் தாண்டினோம். அன்று நல்ல வெயில். பிறகு ஞானம் என் காதுக்குக் கிட்டே குனிந்து கேட்டாள்:

"அத்தே, இது வாங்கும்போதே பொளந்தா இருந்திச்சு?"

பொய் சொன்னால் பாவம்; உண்மை சொன்னால் மகன் பொய்யன். நான் முக்காட்டைச் சரி செய்தேன். "எனக்கு என்னம்மா தெரியும்? அதுல எது முன்பக்கம் எது பின்பக்கம்னே எனக்கு வெளங்கல" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிறு குலுங்கியதில் மடியிலிருந்த கிட்டாரும் கடகடத்தது. "என்ன, என்ன?" என்றான் ஆசீர். "சடக்கப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ஈப்போவுக்குள் வந்ததும் ஒரு சைக்கிள் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். சைக்கிளும் அரிக்கேன் விளக்கும் விற்கிற கடை; உள்ளே இரண்டு கிட்டாரும் தொங்கின. கடைக்காரச் சீனரிடம் அவளே மலாய் மொழியில் பேசினாள். பிறந்தது முதல் பேசுகிற பேச்சு, தண்ணீராக ஓடியது. ஆசீர் எனக்குச் சொன்னான்: "நாள் பூரா வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள இத வச்சா என்ன ஆவும், மழையில நனைஞ்சா என்ன ஆவும்னு கேக்குறா." நாங்கள் இரண்டு நாள் அலைந்தோம். ஒரு கடையிலாவது இதை நாங்கள் கேட்கவில்லை.

கடைக்காரர் நல்லதை விட்டுவிட்டு மட்டமானதை எடுத்தார். கறுப்பு வர்ணம் பூசியது. கம்பிகளெல்லாம் கட்டையைத் தாண்டிப் போய், அடியில் ஓர் இரும்புத் தகட்டில் மாட்டியிருந்தன. அந்தத் தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். கம்பி இழுத்தால் பசையை இழுக்காது, இரும்பைத்தான் இழுக்கும் என்றார். விலை ஏழு வெள்ளி. ஆசீர் வாசித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"சத்தம் சப்பையா இருக்கு லா."

"சப்பையா இருந்தா நல்லதுதான். பிள்ள தூங்கும்" என்றாள் ஞானம்.

ஆசீர் அதைக் கீழே வைக்கவில்லை. கடைக்காரர் ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதற்கு வார் கட்டிக்கொண்டே, எப்போதும் வண்டியிலேயேதானே கிடக்கும் என்று ஞானத்திடம் கேட்டார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். அவருக்கு அது புரிந்திருக்காது.

"பகல்ல வண்டியில. ஆறு மணிக்கு மேல வீட்டுல."

எந்த வீட்டில் என்று ஆசீர் கேட்கவில்லை. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் ஏறுவதற்குக் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.